சிறு தட்டு உணவகத்துக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பிய பாணியில் சின்னச் சின்னத் தட்டுகளாகப் பரிமாறி, கூடவே பாரும் நடத்துகிற உணவகங்களைப் பற்றி நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எனக்கு இந்த வகைச் சாப்பாடு மிகவும் பிடிக்கும். எப்படி ஆர்டர் செய்வது என்று தெரியாமல் போய், அரை வயிறோடும் பெரிய பில்லோடும் வெளியே வருகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. அதனால் சில பதில்களைக் கொஞ்சம் நீட்டியே எழுதியிருக்கிறேன்.

சிறு தட்டு என்றால் என்ன? ஸ்டார்ட்டர்தானே?

ஸ்டார்ட்டர் என்றால் அதற்குப் பின்னால் ‘மெயின்’ ஒன்று வர வேண்டும். இங்கே அப்படி எதுவும் வராது. நாலைந்து தட்டுகள் சேர்ந்ததுதான் முழுச் சாப்பாடு. ஒவ்வொரு தட்டும் மேசையின் நடுவில் வைக்கப்படும், எல்லோரும் அதிலிருந்து எடுத்துச் சாப்பிடுவார்கள். உங்களுக்கென்று தனியாக வருவது காலித் தட்டும் முள்கரண்டியும்தான்.

இது ஒரே ஊரின் வழக்கம் என்று நினைக்க வேண்டாம். ஸ்பெயினில் தாபாஸ், அதன் வடக்கே பாஸ்க் பகுதியில் பின்ச்சோ, வெனிஸில் சிக்கெத்தி, கிரேக்கத்தில் மெஸே, போர்ச்சுகலில் பெத்தீஸ்கோஸ் என்று ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாக வளர்ந்தவை இவை. இன்றைய சிறு தட்டு உணவகங்கள் இவற்றையெல்லாம் கலந்து ஒரே பக்க மெனுவில் கொடுத்துவிடுகின்றன.

‘தாபா’ என்ற ஸ்பானியச் சொல்லுக்கு மூடி என்று பொருள். ஒயின் கிளாஸில் ஈ விழாமல் இருக்க மேலே ஒரு ரொட்டித் துண்டை வைத்து மூடினார்கள், அப்படித்தான் பெயர் வந்தது என்று ஒரு கதை உண்டு. இதுபோல வேறு கதைகளும் உண்டு, எதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை. பின்ச்சோவின் பெயர்க்காரணம் தெளிவானது. ‘குத்துவது’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது, ஏனென்றால் அது ஒரு குச்சியில் குத்தப்பட்டிருக்கும். சான் செபஸ்தியான் நகரத்தின் பழைய தெருக்களில் ஒவ்வொரு பார் கவுண்டரிலும் இவை வரிசையாக அடுக்கியிருக்கும். அவற்றில் ‘கில்டா’ என்ற ஒன்றை எங்கே பார்த்தாலும் விடாதீர்கள். ஒரு பச்சை ஆலிவ், உப்பில் பதப்படுத்திய ஒரு நெத்திலி, வினிகரில் ஊறிய பச்சை மிளகாய், மூன்றும் ஒரே குச்சியில். 1946-இல் வந்த ஒரு திரைப்படத்தின் நாயகி பெயர் அது. மூன்றையும் ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். உப்பும் புளிப்பும் காரமும் ஒன்றாக நாக்கில் படும்போது அடுத்த தட்டுக்குப் பசி தானாக எடுக்கும்.

ஆளுக்கு எத்தனை தட்டு சொல்ல வேண்டும்?

பொதுவான கணக்கு, ஆளுக்கு இரண்டரை முதல் மூன்று தட்டு. இரண்டு பேர் போனால் ஐந்தாறு, நான்கு பேர் போனால் பத்துக்குப் பக்கத்தில். ஆனால் எண்ணிக்கையை விட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது: அத்தனையையும் ஒரே தடவையில் சொல்லாதீர்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல்முறை நாங்கள் நான்கு பேர் போனோம். மெனுவைப் பார்த்த ஆசையில் பதினோரு தட்டுகளை ஒரே மூச்சில் சொல்லிவிட்டோம். கால் மணி நேரத்தில் ஒன்பது வந்துவிட்டன. மேசையோ இரண்டு முழ அகலம்கூட இல்லை. தண்ணீர் ஜாடியைத் தரையில் வைத்தோம். சூடாகச் சாப்பிட வேண்டிய பொரித்த கணவாய் ஒரு மூலையில் ஆறிக்கொண்டிருந்தது. பூண்டு எண்ணெயில் கொதித்துக்கொண்டே வந்த இறாலை யாரும் கவனிக்கவில்லை, கடைசியில் எடுத்தபோது ரப்பர் மாதிரி இருந்தது. நாற்பது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. அடுத்து வருகிறவர்களுக்கு மேசை வேண்டும் என்று சர்வர்கள் பார்ப்பது போல எங்களுக்கே தோன்றியது. நல்ல சாப்பாடுதான், அதை நாங்கள் கெடுத்துக்கொண்டோம்.

இப்போது நான் செய்வது இதுதான். உட்கார்ந்ததும் குடிக்க ஏதாவது ஒன்று, கொறிக்க ஆலிவ் அல்லது கில்டா. அதைக் கொறித்துக்கொண்டே மெனுவை நிதானமாகப் படிப்போம். முதல் சுற்றில் மூன்று தட்டு, ஒன்று குளிர்ந்தது, ஒன்று காய்கறி, ஒன்று பொரித்தது. அது பாதி முடியும்போது இரண்டாவது சுற்று, மீனோ இறைச்சியோ கொஞ்சம் கனமாக. அதற்கப்புறம் வயிறு என்ன சொல்கிறதோ அதன்படி இன்னும் ஒன்றிரண்டு. பிடித்துப்போன ஒன்றை இரண்டாம் முறை சொல்வதில் எந்தத் தயக்கமும் வேண்டாம்.

சில இடங்களில் ‘முழு ஆர்டரையும் இப்போதே கொடுத்துவிடுங்கள்’ என்பார்கள். சமையலறை சின்னதாக இருந்தால் அது நியாயமான வேண்டுகோள்தான். அப்போது ‘சரி, ஆனால் இரண்டு இரண்டாக அனுப்புங்கள், அவசரமே இல்லை’ என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் கேட்பார்கள்.

இன்னொன்று, ஒரு தட்டில் எத்தனை துண்டு வரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான்கு பேர் இருக்கும் மேசைக்கு மூன்று குரோகேத்தா (பொரித்த உருண்டை) வந்தால் சங்கடம். ‘இதில் எத்தனை வரும், ஒன்று கூடுதலாகப் போட முடியுமா?’ என்று கேட்டால் பல இடங்களில் அந்த ஒன்றுக்கு மட்டும் விலை போட்டுச் செய்து தருவார்கள். ஸ்பெயினில் இதற்கு அளவுப் பெயர்களே உண்டு: தாபா சின்னது, ‘மேதியா ராசியோன்’ அரை அளவு, ‘ராசியோன்’ முழு அளவு. மெனுவில் ராசியோன் என்று இருந்தால் அது சிறு தட்டே கிடையாது, மூன்று நான்கு பேருக்குப் போதும்.

நாங்கள் சொன்ன வரிசையில் வரவில்லையே, ஏன்?

சமையலறையில் குளிர்ந்த தட்டுகளை ஒருவர் பார்ப்பார், பொரிப்பதை இன்னொருவர், கிரில்லை வேறொருவர். எது தயாரோ அது கிளம்பும். சீஸும் ஹாமும் (பதப்படுத்திய பன்றித் தொடை) வெட்டி வைத்தால் முடிந்தது, இரண்டு நிமிடம். கிரில்லில் வாட்டும் ஆக்டோபஸுக்கு நேரம் பிடிக்கும். பிந்தி வந்தால் மறந்துவிட்டார்கள் என்று பொருள் இல்லை. அரை மணி நேரம் கடந்தும் ஒரு தட்டு வரவில்லையென்றால் தாராளமாகக் கேளுங்கள்.

மெனுவில் பாதிப் பெயர்கள் புரியவில்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

சர்வரிடம் கேட்பதுதான் நல்ல வழி. கேட்டால் குறைவாக நினைப்பார்களோ என்ற கூச்சத்தை விட்டுவிடுங்கள். நல்ல சர்வருக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். இருந்தாலும் அடிக்கடி கண்ணில் படும் சிலவற்றைச் சொல்லி வைக்கிறேன்.

குரோகேத்தா என்பது வெண்ணெயும் மாவும் பாலும் சேர்த்துக் காய்ச்சிய கெட்டியான பெஷமெல்லில் ஹாமையோ உப்புக் காட் மீனையோ கலந்து, உருட்டி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தது. வெளியே மொறுமொறு, உள்ளே கூழ். வந்த உடனே முழுதாக வாயில் போட்டால் நாக்கு வெந்துவிடும். முள்கரண்டியால் நடுவில் பிளந்து, ஆவி போகட்டும் என்று ஒரு நிமிடம் பொறுங்கள். பிளக்கும்போது உள்ளே இருப்பது மெல்ல வழிந்தால் நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மாவு உருண்டையாக நின்றால், அடுத்த முறை அங்கே அதைத் தவிர்க்கலாம்.

பத்தாத்தாஸ் பிராவாஸ் என்றால் பொரித்த உருளைக்கிழங்கின் மேல் காரமான சிவப்புச் சாறு. தோர்த்தியா என்பது உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்ந்த கனமான அடை. ஸ்பெயினில் இதில் வெங்காயம் போடலாமா கூடாதா என்பது ஓயாத சண்டை. பத்ரோன் மிளகாய் கலீசியா பகுதியிலிருந்து வந்தது. சின்னப் பச்சை மிளகாய்களை எண்ணெயில் தோல் கொப்புளிக்க வதக்கி, கல் உப்பு தூவித் தருவார்கள். பெரும்பாலானவை காரமே இருக்காது, நடுவில் ஒன்று மட்டும் திடீரென்று சுள்ளென்று ஏறும். எது என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

வெனிஸ் பக்கத்து உணவு இருந்தால் ‘சார்தே இன் சாவோர்’ சொல்லிப் பாருங்கள். பொரித்த மத்தி மீனை வதக்கிய வெங்காயம், வினிகர், உலர்திராட்சை, பைன் கொட்டையோடு ஊற வைத்தது. கடலோடிகள் மீனைக் கெடாமல் வைத்துக்கொள்ளக் கண்டுபிடித்த முறை, இன்றைக்கும் ஒரு நாளாவது ஊறிய பிறகுதான் சுவை கூடி வருகிறது. ‘பக்கலா மந்தெகாத்தோ’ என்றால் உலர்ந்த காட் மீனை வேகவைத்து, ஆலிவ் எண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டு வெண்ணெய் போல அடித்தது. ரொட்டியின் மேலோ பொலெந்தா என்ற சோளமாவுக் களியின் மேலோ தடவி வரும்.

டப்பாவில் அடைத்த மீனுக்கு ஏன் அவ்வளவு விலை? அப்படியே திறந்து வைக்கிறார்களே!

இந்தக் கேள்வியில் இருக்கும் ஆதங்கம் புரிகிறது. ஆனால் நல்ல டப்பா மீன் என்பது சமைக்கச் சோம்பல்பட்டு வைப்பது கிடையாது. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் அது தனிக் கலை.

வடக்கு ஸ்பெயினில் கான்டாப்ரியக் கடற்கரையில் சாந்தோன்யா என்ற ஊர் நெத்திலிக்குப் பேர்போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியிலிருந்து வந்த மீன் பதப்படுத்துவோர் அங்கே இந்தத் தொழிலை வேரூன்ற வைத்தார்கள். மீனை உப்போடு அடுக்கடுக்காக வைத்து, மேலே கனம் ஏற்றி, பல மாதங்கள் விட்டுவிடுவார்கள். வெள்ளைச் சதை மெல்ல மெல்லச் செம்பழுப்பாக மாறும். பிறகு ஒவ்வொரு மீனையும் கையில் எடுத்து, தோலைத் தேய்த்து நீக்கி, முள்ளை உருவி, இரண்டு துண்டாகப் பிரித்து எண்ணெயில் அடுக்குகிறார்கள். பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலை இது. விலை அந்தக் கைகளுக்குத்தான் போகிறது.

நல்ல நெத்திலியை எப்படி அறிவது? துண்டு முழுசாக, முள்குத்தாமல், கையில் எடுத்தால் தொங்கும் அளவுக்கு மென்மையாக இருக்க வேண்டும். உப்பு முதலில் தெரியும், ஆனால் அதைத் தாண்டி இறைச்சிச் சாறு போன்ற ஒரு ஆழமான சுவை நிற்கும். வெண்ணெய் தடவிய ரொட்டியின் மேல் வைத்துச் சாப்பிடுங்கள். டப்பாவின் அடியில் மிஞ்சும் எண்ணெயை விட்டுவிடாமல் ரொட்டியால் துடைத்து எடுங்கள்.

ஹாமில் விலை வித்தியாசம் ஏன் அத்தனை பெரிது?

ஸ்பெயினின் இபெரிக்கோ ஹாமுக்கு 2014 முதல் நான்கு வண்ணச் சீட்டு முறை இருக்கிறது. கறுப்புச் சீட்டு என்றால் நூறு சதவீதம் இபெரிக்கோ இனப் பன்றி, ஓக் மரக் கொட்டைகளைத் தின்று மேய்ந்து வளர்ந்தது. சிவப்பு என்றால் அதேபோல மேய்ந்தது, இனம் மட்டும் கலப்பு. பச்சையும் வெள்ளையும் தீவனத்தில் வளர்ந்தவை, பச்சைக்கு வெளியில் திரிய இடம் உண்டு. மெனுவில் ‘பெயோத்தா’ என்ற சொல் இருந்தால் அது ஓக் கொட்டையைக் குறிக்கிறது.

வந்ததும் தட்டைக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். கொழுப்பு வெளிச்சத்தில் பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தால் சரியான பதத்தில் வைத்திருக்கிறார்கள். ஃபிரிட்ஜிலிருந்து நேராக வந்து வெள்ளையாக விறைத்திருந்தால் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். காரணம், அந்தக் கொழுப்பு உடல் சூட்டைவிடக் குறைந்த சூட்டிலேயே இளகக்கூடியது. சுவை முழுக்க அதில்தான் இருக்கிறது.

நான் சைவம். எனக்கு ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும், பெரிய பெரிய மெயின்களை மட்டும் வைத்திருக்கும் உணவகங்களை விட இங்கே தேர்வு அதிகம். ஆனால் பெயரைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், ஏனென்றால் மீனும் பன்றியும் எதிர்பாராத இடங்களில் ஒளிந்திருக்கும். தக்காளியையும் ரொட்டியையும் அரைத்துச் செய்யும் சல்மொரேஹோ என்ற குளிர் சூப்பின் மேல் வழக்கமாக ஹாமும் அவித்த முட்டையும் தூவுவார்கள். பச்சை இலைச் சட்னி போல இருக்கும் சல்சா வெர்தேயில் நெத்திலி அரைந்திருக்கும். ‘இந்தூயா’ என்று எழுதியிருந்தால் அது கலாப்ரியாவின் காரமான பன்றித் தொத்திறைச்சி, தடவும் பதத்தில் இருப்பதால் காய்கறித் தட்டுகளில்கூடக் கலந்துவிடுவார்கள்.

சீஸ் விஷயத்தில் கண்டிப்பாக இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பார்மிஜானோ ரெஜ்ஜானோவுக்குக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளைத்தான் சேர்க்க வேண்டும் என்பது விதி. கிரானா பதானோவும் அப்படியே. அதற்கு மாறாக, ஸ்பெயினின் தோர்த்தா தெல் காசார், போர்ச்சுகலின் செர்ரா தா எஸ்த்ரேலா ஆகிய இரண்டும் ஒருவகை முட்செடியின் பூவை ஊறவைத்த நீரில் உறைபவை. உள்ளே தேக்கரண்டியால் அள்ளும் அளவுக்கு இளகியிருக்கும், லேசான கசப்போடு. சைவர்கள் கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டிய சீஸ்கள் இவை.

சைவத் தட்டுகளில் எனக்குப் பிடித்தது அஹோபிளாங்கோ. பாதாம், பூண்டு, ரொட்டி, ஆலிவ் எண்ணெய், வினிகர் சேர்த்து அரைத்த வெள்ளைக் குளிர் சூப், மேலே திராட்சை மிதக்கும். அப்புறம் செவியா பக்கத்துக் கொண்டைக்கடலை, பசலைக்கீரைக் கூட்டு. இதில் சீரக மணம் வரும். பொரித்தவற்றைச் சொல்லும்போது மீன் பொரிக்கும் அதே எண்ணெயா என்று கேளுங்கள். சின்னச் சமையலறைகளில் பெரும்பாலும் ஒரே சட்டிதான்.

அலர்ஜி இருந்தால்?

ஆர்டர் கொடுக்கும் முன்பே சொல்லுங்கள், சாப்பிடும்போது சொல்லிப் பயனில்லை. உங்களோடு வருகிறவர்களிடமும் சொல்லுங்கள், ஏனென்றால் நடுவில் இருக்கும் தட்டுகளுக்குள் எல்லோருடைய கரண்டியும் போய் வருகிறது. நிலக்கடலையோ இறாலோ ஒத்துக்கொள்ளாத ஒருவருக்கு இது உண்மையான ஆபத்து. உங்களுக்கான பங்கைத் தனித் தட்டில் கேட்டு வாங்கிக்கொள்வதுதான் பாதுகாப்பு.

ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, 2014 டிசம்பர் முதல் உணவகங்களும் 14 வகை அலர்ஜிப் பொருள்களைப் பற்றித் தகவல் தர வேண்டும். கோதுமை முதலான தானியங்கள், பால், முட்டை, மீன், நிலக்கடலை, மரக்கொட்டைகள், எள், கடுகு எல்லாம் அதில் உண்டு. ஒயினில் இருக்கும் சல்ஃபைட்டும் உண்டு. சிறு தட்டு மெனுவில் அதிகம் கவனிக்க வேண்டியது கொட்டைகள். ரொமெஸ்கோ என்ற சிவப்புச் சாறு பார்க்கத் தக்காளி போல இருக்கும், ஆனால் பாதாமோ ஹேசல்நட்டோ அரைத்துத்தான் செய்வார்கள்.

வினிகரில் ஊறிய மீன் பச்சையாகத்தானே இருக்கிறது? சாப்பிடலாமா?

பொக்கெரோனெஸ் என்ற வெள்ளை நெத்திலி அடுப்பில் வைக்கப்படாதது, வினிகரில் வெளுத்தது. அனிசாக்கிஸ் என்ற புழு மீனில் இருக்கலாம், வினிகர் அதைக் கொல்லாது. அதனால்தான் 2006 முதல் ஸ்பெயினில் இப்படிப் பரிமாறும் மீனை முதலில் மைனஸ் 20 டிகிரியிலோ அதற்குக் கீழோ குறைந்தது 24 மணி நேரம் உறைய வைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. உறைய வைத்த மீனா என்று நீங்கள் கேட்கலாம், நல்ல உணவகம் உடனே பதில் சொல்லும். கர்ப்பிணிகள் இதையும், பச்சை இறைச்சித் தட்டான டார்டாரையும் விட்டுவிடுவது நல்லது.

குடிக்க என்ன சொல்வது? ஒயின் பற்றி ஒன்றும் தெரியாது.

தெரிய வேண்டிய அவசியமில்லை. தட்டுகள் மாறிக்கொண்டே இருப்பதால் ஒரு பாட்டிலில் மாட்டிக்கொள்வதை விட கிளாஸ் கிளாஸாகச் சொல்வது மேல். 750 மில்லி பாட்டிலில் 125 மில்லி கிளாஸ் ஆறு வரும். நான்கு பேரும் ஒரே ஒயினைத்தான் குடிக்கப் போகிறோம் என்றால் மட்டும் பாட்டில் லாபம்.

உப்பும் எண்ணெயும் நிறைந்த இந்தச் சாப்பாட்டுக்கு நான் முதலில் கைகாட்டுவது ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயினை. ஷெர்ரி என்றாலே இனிப்பு என்று நினைப்பவர்கள் அதிகம். ஃபினோ, மன்ஸானியா என்ற இரண்டு வகைகளிலும் துளி இனிப்பு கிடையாது. தெற்கு ஸ்பெயினில் ஹெரேஸ், சான்லூகார் ஊர்களில் பீப்பாய்க்குள் ஒயினின் மேல் ஈஸ்ட் ஒரு மெல்லிய ஏடு போலப் படர்ந்து, காற்றுப் படாமல் காக்கிறது. அதனால் ரொட்டி, பாதாம், கடல்காற்று கலந்த ஒரு வாசம் வரும். ஆல்கஹால் அளவு 15 சதவீதம் போல இருக்கும், அதனால் சின்னக் கிளாஸ் போதும். நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும், பாட்டில் திறந்து சில நாள்களுக்குள் இருக்க வேண்டும். திறந்து எத்தனை நாளாயிற்று என்று கேளுங்கள், அது மரியாதைக் குறைவான கேள்வி இல்லை.

வெர்முத் இன்னொரு நல்ல தொடக்கம். ஒயினில் மூலிகைகளையும் மசாலாக்களையும் ஊறவைத்துச் செய்வது. இத்தாலியின் டூரின் நகரில் 1786-இல் கார்பானோ என்பவர் விற்கத் தொடங்கியது இன்றைய வெர்முத்தின் ஆரம்பமாகச் சொல்லப்படுகிறது. ஐஸ், ஒரு ஆரஞ்சுத் துண்டு, ஒரு ஆலிவ், அவ்வளவுதான். காக்டெய்ல் வேண்டுமென்றால், ஒயினில் சோடா கலந்த ‘ஸ்பிரிட்ஸ்’ (spritz) லேசானது. நெக்ரோனி என்ற காக்டெய்லில் ஜின், காம்பாரி என்ற கசப்பு மது, சிவப்பு வெர்முத் மூன்றும் சம அளவு, அதாவது முழுக்க மது. வெறும் வயிற்றில் வேண்டாம்.

கிரேக்கத் தட்டுகள் இருக்கும் இடத்தில் ஊசோ என்ற சோம்பு மது கிடைத்தால் தண்ணீரை நீங்களே ஊற்றிப் பாருங்கள். கண்ணாடி போல் தெளிந்திருந்த மது முதல் சில துளிகளிலேயே புகை மாதிரிக் கலங்கி, பாலாகிவிடும். சோம்பு எண்ணெய் ஆல்கஹாலில் கரையும், தண்ணீர் சேர்ந்தால் கரையாமல் பிரிந்து மிதக்கும். அதுதான் அந்த வெண்மை.

மது குடிக்காதவர்கள் போவதில் அர்த்தம் இருக்கிறதா?

நிச்சயமாக. யாரும் ஏன் என்று கேட்கவும் மாட்டார்கள். ஸ்பானிய பார்களில் ‘மோஸ்தோ’ என்ற திராட்சைச் சாறு கிடைக்கும், வெர்முத் போலவே ஐஸும் ஆலிவும் போட்டுத் தருவார்கள். இத்தாலியில் குரோடீனோ போன்ற கசப்பு கலந்த மதுவில்லாத பானங்கள் பல காலமாக இருக்கின்றன. இனிப்பான ஜூஸை மட்டும் சாப்பாட்டோடு தவிர்த்துவிடுங்கள், நெத்திலியும் சீஸும் அதனுடன் சேரவே சேராது. கசப்போ புளிப்போ உள்ள பானம்தான் பொருந்தும். வண்டி ஓட்டுகிறவர் மேசையில் இருந்தால் அவருக்கும் இதே யோசனைதான்.

தனியாகப் போகலாமா?

போகலாம், பார் கவுண்டரில் உட்காருங்கள். முன்பதிவு இல்லாமலேயே இடம் கிடைக்க அதிக வாய்ப்பு அங்கேதான். சமைப்பது, ஊற்றுவது எல்லாம் கண் முன்னால் நடக்கும். ஒருவருக்கு இரண்டு மூன்று தட்டுதான் முடியும் என்பதால் ‘அரை அளவு கிடைக்குமா?’ என்று கேளுங்கள். பாஸ்க் ஊர்களிலும் வெனிஸின் பாக்கரோ எனப்படும் சின்ன ஒயின் கடைகளிலும் வழக்கமே நின்றுகொண்டு ஒரு கிளாஸ், ஒரு வாய், பிறகு அடுத்த கடை என்பதுதான். வெனிஸில் அந்தச் சின்னக் கிளாஸ் ஒயினுக்கு ‘ஓம்ப்ரா’ என்று பெயர், நிழல் என்று பொருள்.

எத்தனை மணிக்குப் போவது?

மற்ற இடங்களில் மாலையிலேயே கூட்டம் சேரும், ஸ்பெயினில் இரவு ஒன்பதுக்கு முன் உணவகம் காலியாக இருக்கும். முன்பதிவு செய்யும்போது மேசை எவ்வளவு நேரத்துக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் என்றால் சுற்றுகளை அதற்கேற்பப் பிரியுங்கள். ஆறு பேருக்கு மேல் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நடுத் தட்டு எல்லோருக்கும் எட்டாது, ஒரு மூலையில் இருப்பவர் இரவு முழுக்க ரொட்டியோடு இருப்பார். ஆட்கள் அதிகம் என்றால் ஒவ்வொரு தட்டையும் இரண்டாகச் சொல்லி, மேசையின் இரு பக்கமும் வைக்கச் சொல்லுங்கள்.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

சீக்கிர நேரமாகப் பார்த்துப் போங்கள். தோர்த்தியா, குரோகேத்தா, ரொட்டியில் தக்காளி தேய்த்தது, இவையெல்லாம் அவர்களுக்குப் பிடிக்கும். பார் பகுதியில் குழந்தைகளை அனுமதிக்கிறார்களா என்று முன்பே கேளுங்கள்.

எப்படிப் பகிர்வது? கடைசித் துண்டு யாருக்கு?

பொதுக் கரண்டியால் உங்கள் தட்டில் எடுத்துக்கொண்டு, பிறகு சாப்பிடுங்கள். கரண்டி வைக்கவில்லையென்றால் கேளுங்கள். மீன் சாறும் இனிப்புச் சாறும் கலந்துவிட்டால் தட்டை மாற்றித் தரச் சொல்லலாம். கடைசித் துண்டை ‘வேணுமா?’ என்று ஒரு முறை கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அது எல்லோரும் கூச்சப்பட்டு ஆறிப்போவது சமைத்தவருக்குச் செய்யும் அநியாயம்.

பில் ஏன் எதிர்பார்த்ததை விட அதிகமாகிறது?

ஒவ்வொரு தட்டின் விலையும் சின்னதாகத் தெரிவதால் கூட்டிப் பார்க்க மறந்துவிடுகிறோம். ஏறுவது பெரும்பாலும் பானங்களில்தான். முதலிலேயே மேசையில் ஒரு தொகையைப் பேசிக்கொண்டு சர்வரிடமும் சொல்லலாம்: ‘இவ்வளவுக்குள் நாலு பேருக்கு நீங்களே அனுப்புங்கள்.’ நான் சாப்பிட்ட மிக நல்ல இரவுகள் சில இப்படி அமைந்தவை.

கேட்காமலே வரும் ரொட்டி, ஆலிவ், வெண்ணெய் இலவசமா என்பது ஊரைப் பொறுத்தது. போர்ச்சுகலில் தொட்டால் காசு, வேண்டாமென்றால் அப்படியே திருப்பி அனுப்பிவிடலாம். இத்தாலியில் ‘கோபெர்த்தோ’ என்று ஆளுக்கு ஒரு சிறு தொகை பில்லில் இருக்கும். ஸ்பெயினின் கிரனாடாவிலோ ஒரு பானம் சொன்னால் கூடவே ஒரு தாபா இலவசமாக வந்துவிடும். பிரான்சில் விலையிலேயே சேவைக் கட்டணம் அடங்கியிருக்கிறது. மற்ற இடங்களில் பில்லின் அடியில் சேவைக் கட்டணம் என்ற வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிப்ஸை முடிவு செய்யுங்கள்.

பிரித்துக் கட்டுவதாக இருந்தால் சமமாகப் பிரியுங்கள், ஆனால் மது குடிக்காதவரையும் சைவரையும் அதில் இழுக்காதீர்கள். பானங்களைத் தனியாகவும் உணவைத் தனியாகவும் கணக்கிட்டால் யாருக்கும் மனக்குறை வராது.

இனிப்புக்கு இடம் வைக்க வேண்டுமா?

பாஸ்க் சீஸ்கேக் இருந்தால் வையுங்கள். சான் செபஸ்தியானில் லா வின்யா என்ற பாரில் பிறந்தது. அடியில் பிஸ்கட் கிடையாது, மேல்பகுதியை வேண்டுமென்றே கருக விடுவார்கள். தீய்ந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். நடுவில் இளகியிருக்கும், அந்தக் கருகல் கசப்புதான் சீஸின் இனிப்பைத் திகட்டாமல் வைக்கிறது. ஒரு துண்டு, இரண்டு கரண்டி, இரண்டு பேருக்குப் போதும்.

மீந்ததைக் கட்டித் தரச் சொல்லலாமா?

சொல்லலாம், எது தாங்கும் என்று பார்த்துச் சொல்லுங்கள். தோர்த்தியா மறுநாள் குளிர்ந்த நிலையிலேயே இன்னும் நன்றாக இருக்கும், நடுவில் முட்டை ஓடும் பதத்தில் செய்ததென்றால் மட்டும் வேண்டாம். சீஸ், ஹாம், ஊறிய மத்தி எல்லாம் நேராக வீட்டுக்குப் போய் ஃபிரிட்ஜில் வைக்கிறீர்கள் என்றால் சரி. பொரித்தவை நனைந்துபோகும், அவற்றை அங்கேயே முடித்துவிடுங்கள். டார்டாரும் பொக்கெரோனெஸும் எத்தனை மிச்சம் இருந்தாலும் மேசையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.